சாமி பிள்ளையும் சட்டப் பிள்ளையும்

போன வருடம் ஒரு பத்திர வேலையாகச் செஞ்சிக்குப் போயிருந்தேன். நீதிமன்றத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஒருவர், ஜீவனாம்ச வழக்கு நடக்கிறது போல, வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். “அண்ணே, டிஎன்ஏ எடுத்துட்டா ஒரே நாள்ல முடிஞ்சுடும்ல? கோர்ட்டு ஏன் ஒத்துக்க மாட்டேங்குது?” குமாஸ்தா டீயை ஊதிக்கொண்டே சொன்னார், “தாலி கட்டுன, ஒரே வீட்ல இருந்த. சட்டத்துக்கு அது போதும்பா. நீதான் அப்பன்.” அவர் பதில் பேசாமல் ராஜகிரி மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குக் காளி ஞாபகம் வந்தான்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலில் வரும் காளியைத்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரர் காலத்துக் கதை. காளிக்கும் பொன்னாவுக்கும் பிள்ளையில்லை. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் 14ஆம் நாள் இரவில், முன்பின் தெரியாத ஆணோடு சேர்ந்து பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்பது நாவல் சொல்லும் வழக்கம். அன்று அவன் ஆள் இல்லை, சாமி. இரண்டு அம்மாக்களும் சம்மதிக்கிறார்கள். பொன்னாவின் அண்ணன் முத்து காளியைக் கள் குடிக்கக் கூட்டிப்போகிறான். காளியும் சம்மதித்துவிட்டான் என்று நம்பித்தான் பொன்னா போகிறாள்.

இந்த நாவலைப் பெரும்பாலும் பெண்ணின் உடல், சாதி, கருத்துச் சுதந்திரம் என்றே வாசித்திருக்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் குமாஸ்தாவின் பேச்சுக்குப் பிறகு எனக்கு இது வேறு மாதிரியும் தெரிகிறது. காளி கோர்ட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு அப்போதே அமலில் இருந்தது. திருமணம் நிலுவையில் இருக்கும்போதோ, அது முடிந்து மனைவி மறுமணம் செய்யாமலிருக்கும்போது 280 நாட்களுக்குள்ளோ பிறக்கும் குழந்தை கணவனுடையதே. மறுக்க ஒரே வழிதான் உண்டு. கரு உண்டாகியிருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்திலும் இது 116ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நான் மென்பொருள் எழுதுகிறவன், எங்கள் பாஷையில் இது ஒரு டீஃபால்ட். லேசில் மாற்ற முடியாத டீஃபால்ட். அத்தனை நெருக்கமாக வாழ்ந்த காளியும் பொன்னாவும் அந்தச் சட்டத்தின் முன் நின்றால் விசாரணையே தேவைப்படாது. காளிதான் அப்பன்.

ஆக, பிரிவு 112 வேலை செய்யும் விதமும் சாமி வேலை செய்யும் விதமும் ஒன்றுதான். இரண்டும் ஊரின் வாயை மூடுகின்றன. ‘இது யாருக்குப் பிறந்தது?’ என்ற கேள்வி பிள்ளையின் தலையில் விழாமல் பார்த்துக்கொள்கின்றன. காளியின் துயரம், இந்த இரண்டு ஏற்பாட்டிலும் அவனால் குடியிருக்க முடியவில்லை என்பது. அவனுக்கு உண்மை வேண்டும். 2014 கடைசியில் நாவலைக் கொளுத்தியவர்களும் ஒரு வகையில் காளியின் கேள்வியைத்தான் கேட்டார்கள்: அப்படியானால் எங்கள் முன்னோர் யாருக்குப் பிறந்தவர்கள்? நாவல் அவர்களுக்குக் கெட்ட பெயர் வைக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற ஒரு சமூகம் என்னவெல்லாம் கற்பனை செய்யும் என்று காட்டியது. அதை அவர்கள் அவமானமாக வாசித்தார்கள்.

எனக்கு ஒரு குறையும் உண்டு. 2014இல் வந்த ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ இரண்டும் காளிக்கு இரண்டு முடிவுகளைக் கொடுக்கின்றன. ஒன்றில் செத்துப்போகிறான், இன்னொன்றில் பிழைத்துப் பொன்னாவைத் தண்டிக்கிறான். ஆனால் பிள்ளை வளர்ந்து, வாய் திறந்து கேட்கும் இடத்துக்கு எந்த நூலும் போகவில்லை.

நீதிமன்றம் அங்கே போயிருக்கிறது, தட்டுத் தடுமாறித்தான். 2014 ஜனவரியில், டிஎன்ஏ அப்பா இல்லை என்று சொன்ன ஒரு வழக்கில், அனுமானத்தைவிட அறிவியல் உண்மையே பெரிது என்றது உச்ச நீதிமன்றம். அந்தக் கணவரின் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. 2023 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் புனே விவாகரத்து வழக்கொன்றில் சோதனையை மறுத்தது. மனைவியின் நடத்தையை நிரூபிக்கப் பிள்ளையின் ரத்தத்தைக் கருவியாக்க முடியாது, பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்பது அதன் சாரம். 2025 ஜனவரியில் வந்த கேரள வழக்குதான் என்னைத் தூங்கவிடாதது. அங்கே கேட்டது மகன். தன் உண்மையான அப்பா என்று அவர் நம்பிய மனிதரிடம் ஜீவனாம்சம் கேட்டார். சட்டப்படி உனக்கு ஏற்கெனவே ஓர் அப்பா இருக்கிறார் என்று கதவை மூடிவிட்டார்கள். பிள்ளையைக் காக்க வந்த அதே பிரிவு.

காளியின் பிள்ளையும் ஒருநாள் அப்படிக் கேட்டிருக்கலாம். அந்த நாவலை யாராவது எழுத வேண்டும்.

செஞ்சி டீக்கடையில் அன்று டிஎன்ஏ பற்றிப் பேசினார்கள், வாய்தா பற்றிப் பேசினார்கள், வக்கீல் ஃபீஸ் பற்றிப் பேசினார்கள். பிள்ளைக்கு என்ன வயசு என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்த நானும் கேட்கவில்லை.