பெருங்கணிப்பொறியில் லினக்ஸ்: பழுது பார்ப்பவர் யார்?

பராமரிப்பு ஒப்பந்தங்களுக்கான விளம்பரத் தாள்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘இரவும் பகலும், வாரம் ஏழு நாளும் உதவி’ என்ற வாசகம் எல்லாவற்றிலும் தவறாமல் இருக்கும். பெருங்கணிப்பொறியில் லினக்ஸ் இயக்க அமைப்பை ஓட்டும் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் விற்கப்படும் ஒப்பந்தங்களும் இப்படித்தான் பேசுகின்றன. அந்த வாசகத்தைச் சற்றே உரசிப் பார்ப்போம்.

முதலில் ஒரு சந்தேகம் எழலாம். லினக்ஸின் மூல நிரல் யாருக்கும் இலவசமாகக் கிடைப்பதாயிற்றே, அதற்குப் பராமரிப்புக் கட்டணம் எதற்கு? கட்டணம் நிரலுக்கு அன்று, பொறுப்புக்கு. லினக்ஸ் வெளியிடப்படும் பொது உரிமமே, இதற்கு எவ்வித உத்தரவாதமும் கிடையாது என்று கூறிவிடுகிறது. ஆயிரக்கணக்கானோரின் ஓய்வூதியக் கணக்கை ஓட்டும் பொறி நள்ளிரவில் நின்றால், யாரேனும் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் சிக்கல். லினக்ஸ், 1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் தம் மேசைக் கணிப்பொறிக்காக எழுதத் தொடங்கியது. பெருங்கணிப்பொறியோ, 1964-இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 குடும்பத்தின் வாரிசு. ஜெர்மனியின் போப்லிங்கன் நகரிலுள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தார் 1999 டிசம்பரில் வெளியிட்ட நிரல்கள் இவ்விரண்டையும் இணைத்தன. மறு ஆண்டே சூசே நிறுவனம் இதை வணிகப் பொருளாக்கியது. பின்னர் ரெட் ஹாட் வந்தது. 2016-இல் உபுண்டுவும் சேர்ந்தது. எங்கும் பெயர் லினக்ஸ்தான். ஆயினும் மேசைக் கணிப்பொறியின் லினக்ஸை நன்கறிந்தவர் இதையும் பழுது பார்த்துவிடுவார் என்று எண்ணுவது பிழை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 5 என்ற எண்ணை நான்கு பைட்டுகளில் எழுதுவதாகக் கொள்வோம். பெருங்கணிப்பொறி அதை 0, 0, 0, 5 என்று வைக்கும். நாம் எண்களை எழுதுவது போலவே, பெரிய மதிப்புக்குரிய இடம் முன்னே. இன்டெல் வகைப் பொறி 5, 0, 0, 0 என்று தலைகீழாக வைக்கும். இப்போது ஒருவர் கவனக்குறைவாக, நான்கு பைட்டையும் படிக்காமல் முதல் பைட்டை மட்டும் படிக்கும் நிரலை எழுதிவிட்டார். இன்டெல் பொறியில் விடை 5, சரியாகவே இருக்கிறது. எண் 255-ஐத் தாண்டும் வரை யாருக்கும் ஐயம் வராது. அதே நிரல் பெருங்கணிப்பொறியில் பூஜ்யம் காட்டும். உதவி கோரித் தொலைபேசியில் அழைத்தால் மறுமுனைப் பொறியாளர் தம் மேசையில் அந்நிரலை ஓட்டிப் பார்த்து, ‘இங்கே சரியாகத்தானே ஓடுகிறது’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருக்கும் பொறியில் அந்தப் பிழை தோன்றவே தோன்றாது.

இயற்பியல் மாணவருக்கு இது புதிதன்று. மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியாத விளைவை ஆராய முடியாது. எனவே ஒப்பந்தம் செய்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘உங்களிடம் இந்த வகைப் பொறி இருக்கிறதா?’ என்பதே. ஹெர்குலீஸ் என்ற போலிப்பொறி மென்பொருள் உண்டு. பைட் வரிசைப் பிழையை அதில் பிடித்துவிடலாம். உண்மைப் பொறியின் வேகத்தையும் நெரிசலையும் அது காட்டாது.

இன்னொரு வேடிக்கை கடிகாரத்தில் இருக்கிறது. பெருங்கணிப்பொறியில் லினக்ஸ் பெரும்பாலும் தனியாக ஓடுவதில்லை. இசட்/வி.எம். போன்ற மேலாளர் அமைப்பு, ஒரே செயலியைப் பல லினக்ஸ்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. தன்னிடமிருந்து செயலி பிடுங்கப்பட்ட நேரத்தையும் தான் உழைத்த நேரமாகவே லினக்ஸ் முன்பெல்லாம் கணக்கு எழுதிக் கொண்டது. தூங்கியவன் தூங்கிய நேரத்துக்கும் கூலி கேட்பது போல! 2005-இல் வந்த 2.6.11 பதிப்பில் ‘திருடப்பட்ட நேரம்’ என்று தனிப் பத்தி சேர்த்த பிறகே கணக்கு நேரானது. அந்தப் பத்தியைப் படித்து, குற்றம் லினக்ஸிலா மேலாளரிலா என்று பிரித்துச் சொல்ல இரண்டையும் அறிந்தவர் வேண்டும். இல்லையேல் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். பொறி மந்தமாகவே கிடக்கும்.

அப்படியானால் பொறியையும் இயக்க அமைப்பையும் ஒருவரிடமே ஒப்படைத்துவிடலாமே என்பீர்கள். 2019-இல் ரெட் ஹாட் நிறுவனத்தை ஐ.பி.எம். வாங்கிய பின் அது எளிதாகிவிட்டது. கைகாட்டும் வழக்கம் குறையும் என்பது மெய்தான். ஆனால் நோயைக் கண்டு சொல்பவரும் மருந்து விற்பவரும் ஒருவரே ஆகும்போது, இரண்டாவது கருத்துக்கு எங்கே போவது? தொடக்க ஆண்டுகளில் வலையிணைப்புக் கருவிகளுக்கான சில இயக்கிகளை ஐ.பி.எம். மூல நிரலின்றி, பொறிமொழி வடிவில் மட்டுமே தந்தது. லினக்ஸ் கருவைச் சிறிது திருத்தினாலும், அதற்கேற்ற இயக்கி வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்த மென்பொருளுக்குள் ஒரு பூட்டிய அறை! பின்னர் அவையும் திறக்கப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே, திருத்தங்களைப் பொது மூலத்துக்கு அனுப்புகிறவரா, தம் கிடங்கிலேயே வைத்துக்கொள்கிறவரா என்பதை நான் விலையைவிட முக்கியமாகக் கருதுகிறேன். திருத்தம் பொது மூலத்தில் சேர்ந்துவிட்டால், அடுத்த ஆண்டு நீங்கள் வேறொருவரிடம் போகலாம்.

விளம்பரத் தாளுக்கு வருவோம். ‘ஒரு மணி நேரத்தில் பதில்’ என்பதற்கு ஒரு மணி நேரத்தில் பழுது நீங்கும் என்று பொருளல்ல. யாரோ பேசுவார் என்பதே பொருள். எங்கள் ஆய்வுக்கூடத்து அலைவுகாட்டிக்கும் இப்படி ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஆள் குறித்த நேரத்தில் வருவார், பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார், போய்விடுவார். அலைவுகாட்டி அப்படியே இருக்கும்.

பணம் கொடுக்காத வழியும் உண்டு. தன்னார்வலர் உருவாக்கும் டெபியன், 2002-இல் வந்த 3.0 பதிப்பிலேயே இப்பொறிக்கும் லினக்ஸ் தந்தது. பல்கலைக்கழக ஆய்வுக்கு அது போதும் என்பேன். அங்கே நேர வாக்குறுதி ஏதும் கிடையாது. ஆனால் பதில் சொல்பவர் பல வேளைகளில் அந்த நிரலை எழுதியவராகவே இருப்பார்.