தொப்பூர் ஏற்றமும் மெக்கானிக்கின் காதும்

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு ஏறும் பழைய அம்பாசிடரின் கிளட்ச் தேய்ந்திருந்தால், தொப்பூர் கணவாய் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜின் உறுமும், வண்டியோ நகர யோசிக்கும். கருகல் வாடை வேறு.

கைதேர்ந்த மெக்கானிக் உடனே ஸ்பேனரைத் தொடுவதில்லை. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுகிறார். இன்ஜின் திணறி அணைந்தால் கிளட்ச்சில் உயிர் இருக்கிறது. அலட்டாமல் ஓடினால் பிளேட் வழுக்குகிறது. ரிவர்ஸ் போடும்போது ‘கர்ர்ர்’ என்றால் கோளாறு வேறு: பெடலை முழுக்க மிதித்தும் கிளட்ச் பிரியவில்லை. ஸ்டீயரிங்கிலேயே கியர் வைத்த வண்டியில் சில நேரம் கிளட்ச் பாவம். கியர் கம்பியின் தேய்ந்த புஷ்தான் குற்றவாளி.

புதுப் புஷ் மாட்டி, கிரீஸ் தடவி, இரண்டே விரலால் தள்ளிப் பார்க்கிறார். ‘டொக்.’ சரியான இடத்தில் தாளம் விழக் கேட்டவர்போல, தலை லேசாக ஆடுகிறது.