திரும்பிப் பாராத புலி

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. அந்நிறுவனம் 1940-இல் வெளியிட்ட ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா ஒருவரே இருவராகத் தோன்றினார். தமிழ்த் திரையின் முதல் இரட்டை வேடம் அதுவே என்பர். இல்லாததை இருப்பதாகக் காட்டும் கலை நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. ஆகவே கணினியில் பிறந்த விலங்குகளைக் கண்டு ‘எல்லாம் பொய்’ என முகம் சுளிக்க நமக்கு உரிமையில்லை. அப்பொய் எதற்குப் பணி செய்கிறது என்றே நாம் வினவ வேண்டும்.

சாண்டோ சின்னப்பா தேவரின் படங்களில் விலங்குகள் மெய்யானவை. ‘நல்ல நேரம்’ (1972) படத்தின் யானைகளையும், ‘ஆட்டுக்கார அலமேலு’ (1977) படத்தின் ஆட்டையும் மறந்தவர் உண்டோ? எனினும் அவை மனிதனுக்கு ஏவல் செய்யவே திரைக்கு வந்தன. ‘நான் ஈ’ (2012) படத்தின் ஈ முற்றிலும் கணினியின் ஆக்கம். சிறகு ஈயினுடையது, பழிவாங்கும் மனமோ மனிதனுடையது. மெய் விலங்காயினும் பொய் விலங்காயினும் நாம் அவற்றில் நம் முகத்தையே தேடிவந்திருக்கிறோம்.

ஆங் லீ இயக்கிய ‘லைஃப் ஆஃப் பை’ (2012) இவ்வழக்கத்தினின்று விலகுகிறது. புதுச்சேரிச் சிறுவன் பையுடன் ஒரே படகில் மிதக்கும் ரிச்சர்ட் பார்க்கர் என்னும் புலி, பெரும்பான்மைக் காட்சிகளில் கணினியால் உருவானது. உண்மைப் புலிகளைப் படமெடுத்து, அவற்றின் நடையையும் மூச்சையும் உற்றுநோக்கி, எலும்பு, தசை, தோல், உரோமம் என அடுக்கடுக்காய் அதனை அமைத்தனர். ஆயினும் அவர்களின் மேன்மையை நாம் உரோமத்தில் காணவில்லை, அடக்கத்தில் காண்கிறோம். அப்புலி பேசுவதில்லை, நன்றி கூறுவதில்லை. கரை சேர்ந்ததும் பை கதறி அழ, அது திரும்பியும் பாராமல் காட்டுக்குள் மறைகிறது. அவ்விடத்தில் யோபு நூலின் 39-ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வந்தது. காட்டுக் கழுதையையும் கழுகையும் ஆண்டவர் யோபுவுக்குச் சுட்டிக்காட்டுவது, அவை மனிதனுக்குப் பயன்படும் என்பதற்காக அன்று. அவை தம்மளவிலேயே படைத்தவரின் மகிழ்ச்சி. மறையுரைகளில் நாம் சொல்லத் தடுமாறும் இவ்வுண்மையை ஒரு பொய்ப்புலி சொல்லிவிட்டது!

இந்தியாவில் புலியை வித்தை காட்டப் பழக்குவதற்கு 1998-இலேயே தடை வந்தது. எனவே கணினிப் புலியை இரக்கத்தின் வழி என நாம் வரவேற்கலாம். ஆனால் இப்படத்திற்காகவே நீரில் இறக்கப்பட்ட ஓர் உண்மைப் புலி ஏறத்தாழ மூழ்கிப்போயிற்று என 2013-இல் செய்தி வெளியானது. அச்செய்தியை அறிந்தபின் நம் பாராட்டின் குரல் சற்றுத் தாழ்கிறது.

மற்றொன்றும் உண்டு. புலியை உருவாக்கிய ‘ரிதம் அண்டு ஹியூஸ்’ நிறுவனத்திற்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் பணிக்கூடங்கள் இருந்தன. நம் நாட்டு இளைஞர் பலரும் அங்கு உழைத்தனர். 2013 பிப்ரவரியில் அந்நிறுவனம் திவாலாயிற்று. நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். அதே மாதம் 24-ஆம் நாள் படம் நான்கு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அரங்கிற்கு வெளியே இத்தொழிலின் கலைஞர்கள் பதாகை ஏந்தி நின்றனர். காட்சி விளைவுகளுக்கான விருதைப் பெற்ற பில் வெஸ்டன்ஹோஃபர் தம் நிறுவனத்தின் நிலையைச் சொல்ல வாயெடுத்தபோது, ‘ஜாஸ்’ படத்தின் சுறாமீன் இசை எழுந்தது, ஒலிவாங்கி அணைக்கப்பட்டது.