யாருடைய ‘நான்’?

விசாரணைப் பதிவேட்டை மேடையேற்றுவது நாடகமாகுமா என்ற கேள்விக்கு, ஆகாது என்பதுதான் வெகுநாள் வரை என் பதில். பத்திரிகைக்காரன் வேலையை நடிகன் ஏன் செய்ய வேண்டும்? பிராங்க்பர்ட்டில் நடந்த ஆஷ்விட்ஸ் வழக்கிலிருந்து பீட்டர் வெய்ஸ் உருவாக்கிய ‘விசாரணை’ (1965)கூட மேடையைவிடக் காகிதத்தில்தான் என்னிடம் பேசியது. இந்தத் தீர்மானத்தைக் கலைத்தது ‘யுபுவும் உண்மை ஆணையமும்’. ஒளிப்பதிவில் பார்த்ததும் பிரதியைப் படித்ததும்தான். நேரில் பார்த்தவனுக்குள்ள உரிமை எனக்கில்லை.

1997ல் வந்த தென்னாப்பிரிக்க நாடகம். எழுதியவர் ஜேன் டெய்லர், இயக்கம் வில்லியம் கென்ட்ரிட்ஜ், பொம்மைகள் ஹேண்ட்ஸ்பிரிங் குழுவினருடையவை. டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996லிருந்து ஊர் ஊராகக் கூடிய ஆணையம், நிறவெறி ஆட்சியில் சித்திரவதைப்பட்டவர்களையும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களையும் பேசவைத்தது. அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றம் என்றால், முழுக்கச் சொல்லிவிடுபவன் மன்னிப்புக் கேட்கலாம். 7,112 பேர் கேட்டார்கள். 849 பேருக்குக் கிடைத்தது. விசாரணை ஓடிக்கொண்டிருந்தபோதே நாடகமும் வந்துவிட்டது.

ஆல்பிரட் ஜாரி 1896ல் பாரீஸ் மேடைக்குக் கொண்டுவந்த அந்த வயிறு பெருத்த கோமாளி அரசன் இங்கே அரசாங்கக் கொலையாளி. இரவில் வெளியே போகிறான். திரும்பி வந்து குளிக்கிறான். மனைவிக்குச் சந்தேகம் வேறொரு பெண் மேல். அவன் நிற்கும் கண்ணாடி அறையில் அவன் உடம்பிலிருந்து கழுவப்படுபவை பின்திரையில் சாக்கட்டிச் சித்திரங்களாக ஓடுகின்றன. சாட்சிகள் வரும்போது அதே கண்ணாடி அறை மொழிபெயர்ப்பாளரின் கூண்டாகிவிடுகிறது. கொன்றவன் குளித்த இடத்திலிருந்து, செத்தவனைப் பெற்றவளின் பேச்சு வருகிறது. நாடகம் இதை விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

சாட்சிகள் மரப்பொம்மைகள். கரடுமுரடாகச் செதுக்கிய முகங்கள். ஆட்டுகிறவர்கள் நம் பொம்மலாட்டத்தில் போலக் கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒளியவில்லை. பொம்மையின் பக்கத்திலேயே நிற்கிறார்கள். பொம்மை தன் மொழியில் பேசுகிறது. கூண்டிலிருந்து ஆங்கிலத்தில் ‘நான்’ என்று வருகிறது. ஆணையத்திலும் இப்படித்தான். ‘அவள் சொல்கிறாள்’ என்று மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லவில்லை. தாயின் ‘நான்’, கொன்றவனின் ‘நான்’ இரண்டையும் தங்கள் வாயால் சொன்னார்கள். சிலர் அதில் நொறுங்கிப் போனார்கள். மேடையில் அந்த ஒரு ‘நான்’ மரத்துக்கும் ஆட்டுகிற கைக்கும் கூண்டிலிருப்பவருக்குமாகப் பிரிந்து கிடக்கிறது. மரத்துக்கு அழத் தெரியாது. அந்தத் துக்கம் நடிகனுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது.

லண்டன் டிரைசைக்கிள் அரங்கின் ‘நீதியின் நிறம்’ (1999) நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது. 1993ல் எல்தமில் வெள்ளை இளைஞர்கள் குத்திக் கொன்ற ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பினப் பையன். அந்த வழக்கைப் போலீஸ் புலனாய்ந்த லட்சணத்தை ஆராய்ந்த மக்ஃபர்சன் விசாரணை. பதிவேட்டிலுள்ள சொற்களையே பேசுவது என்பது விரதம். சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்களைத் தான் எழுதிக் கொடுத்த தாளைப் போலீஸ் அதிகாரி கண்ணெதிரே சின்னதாக மடித்துக்கொண்டார் என்று தாய் விசாரணையில் சொன்னார். எந்த நாடகாசிரியனாலும் இதைக் கற்பனை செய்திருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 11,000 பக்கத்துக்கு மேற்பட்ட பதிவேட்டை ஒரு மாலைப்பொழுதுக்குள் வெட்டி அடக்கிய கை எங்கே? அது மட்டும் கறுப்புத் திரைக்குப் பின்னால். நடிகை தாயாகவே ஆகிவிடும்போது, அந்த ‘நான்’ அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்க மறந்துவிடுகிறேன். பொம்மை மறக்க விடுவதில்லை.

யுபு நாடகத்தில் எனக்கு ஒப்பாத விஷயமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. பாட்டு, சித்திரம், ஹாஸ்யம் எல்லாம் கொலைகாரன் பக்கம். பெட்டியே உடம்பாக, மூன்று தலைகளோடு ஒரு நாய். சாட்சியக் காகிதங்களை விழுங்கும் ஒரு முதலை. வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு கூசியது. சாட்சி வருகிறது, சொல்கிறது, போய்விடுகிறது. யுபுவுக்கு இரவு முழுவதும் கிடைக்கிறது. இது நாடகத்தின் கோளாறா, அல்லது சொல்லத் தெரிந்தவனுக்கு விடுதலை என்று வைத்த ஆணையத்தின் ஏற்பாடே அப்படித்தானா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. கடைசிக் காட்சியில் யுபு மனைவியோடு படகேறிச் சூரியனைப் பார்த்துப் போகிறான்.