புரதமும் பாட்டும்: ஒரு பறவையாய்வு பற்றிய விமர்சனம்

கலைப்பீட மாணவனொருவன் குருவிகளின் புரதங்களைப் பற்றி எழுதப் புகுவது வரம்பு மீறலாகத் தோன்றலாம். ஆயின் வரம்பை முதலிற் கடந்தவர் பறவையியலாளரே. மொழியியலார் நெடுங்காலம் ஆண்டுவந்த 'கிளைமொழி' என்னும் சொல்லை அவர்கள் பறவைகளின் பாட்டுக்கு வழங்கினர். சொல்லை இரவல் கொடுத்தவர்க்கு அது படும்பாட்டை வினவும் உரிமையும் உண்டன்றோ?

கலிபோர்ணியாவின் கரையோரப் புதர்களில் வாழும் வெண்முடிச் சிட்டு இடத்துக்கு இடம் வேறுபட்ட பாட்டைப் பாடுகின்றது. இப்பாட்டு பிறப்போடு வருவதன்று, குஞ்சு தன் வாழ்வின் முதற் சில வாரங்களிற் கேட்டுக் கற்பது என்பதைப் பீற்றர் மாளரும் அவர்தம் உடனாய்வாளரும் 1960களில் நிறுவினர். இதன்வழி ஒரு கருதுகோள் எழுந்தது. பெண்குருவி தான் பிறந்தவிடத்துப் பாட்டைப் பாடும் ஆணையே நாடுமாயின் கிளைமொழி எல்லை மணவெல்லையுமாகும். எல்லையின் இருமருங்கும் வாழும் குடித்தொகைகள் காலப்போக்கிற் பிறப்புரிமையிலும் வேறுபடும். சுருங்கக் கூறின், பாட்டு குருதியைப் பிரிக்கும்.

இதனைச் சோதிக்கப் புரதங்கள் சாட்சிக்கு அழைக்கப்பட்டன. பறவையின் குருதியிலிருந்தோ தசை, ஈரல் முதலிய இழையங்களிலிருந்தோ எடுத்த சாற்றை மாப்பொருட் கூழிலான தட்டில் இட்டு மின்னோட்டம் செலுத்துவர். ஒரே நொதியத்தின் இரு வடிவங்கள் மின்னேற்றத்தில் வேறுபட்டால் அவை வெவ்வேறு தூரம் நகரும். சாயமிட்டதும் பட்டைகளாகத் தெரியும். லெவொன்ரினும் ஹபியும் 1966இல் பழ ஈக்களில் இம்முறையைக் கையாண்டு, இயற்கைக் குடித்தொகைகளில் எதிர்பாராத அளவு வேறுபாடு மறைந்துகிடப்பதைக் காட்டியபின், பறவையாய்வாளரும் இதனை விரும்பி ஏற்றனர். மின்னேற்றத்தை மாற்றாத அமினோ அமில மாற்றங்கள் பல இம்முறைக்கு அகப்படுவதில்லை என்பது தொடக்கத்திலேயே மனங்கொள்ளத்தக்கது.

மைரன் பேக்கரும் அவரைச் சேர்ந்தோரும் 1975, 1982 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், வேறுபட்ட கிளைமொழிகளைப் பாடும் வெண்முடிச் சிட்டுக்களிடையே எதிருருக்களின் வீதங்கள் வேறுபடுவதாகக் கூறின. இரண்டாவது கட்டுரை சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கேயுள்ள பொயின்ற் றெயெஸ் கரையோரத்தில் வரிசையாக அமைந்த கிளைமொழிக் குடித்தொகைகளைப் பற்றியது. உழைப்பிற் குறைகூற இடமில்லை. குறை, கண்டதிலிருந்து கொண்ட முடிவிலேயே உளது.

வீதங்கள் வேறுபடுகின்றன என்பது ஒன்று. பாட்டினால் வேறுபடுகின்றன என்பது பிறிதொன்று. தொலைவிலுள்ள இரு கூட்டங்கள், பாட்டு ஒன்றாயினும், தொலைவு காரணமாகவே சிறிது வேறுபடக்கூடும். எனவே கேட்கவேண்டிய வினா இது: ஒரே தொலைவில், கிளைமொழி எல்லை குறுக்கிடும்போது வேறுபாடு மிகுகின்றதா? 1984இல் றொபேட் சிங்க், ஜோர்ஜ் பறோகிளவ் ஆகிய இருவரும் அதே தரவுகளை மீள்நோக்கி, காணப்பட்ட வேறுபாடு மிகச் சிறிது, கிளைமொழியற்ற ஏனைய பறவைகளிலும் காணப்படுவதை ஒத்தது என வாதிட்டனர். புள்ளிவிபரவியல் 'பொருளுடையது' என்று முத்திரையிட்டதைப் பெரியது என்று மயங்கியமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. (நம் பீடத்துச் சமூகவியற் கட்டுரைகளும் இம்மயக்கத்துக்கு விலக்கல்ல.)

தென்னமெரிக்காவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆர்ஜன்ரீனாவில் 'சிங்கோலோ' என வழங்கும் உறவுக் குருவியின் கிளைமொழிகளை 1969இல் விரித்தெழுதிய பெர்னாண்டோ நொற்றபோம், அவை குடித்தொகைகளைப் பிரித்துவைக்கக்கூடும் எனக் கருதியவர். ஹான்ட்போட்டுடன் இணைந்து 1976இல் அவர் வெளியிட்ட புரத ஆய்வோ பாட்டுக்கும் பிறப்புரிமைக்கும் அத்தகைய இணைவைக் காணவில்லை. தன் கருதுகோளுக்குப் பாதகமான முடிவைத் தானே அச்சேற்றிய இந்நேர்மையை, என் மதிப்பீட்டில், சர்ச்சை முழுவதிலும் தலையாயதெனக் கொள்வேன்.

எனினும் மறுத்தோர் பக்கமும் ஒரு தாவல் உண்டு. செவல் றைற்றின் அளவுகோலில் வேறுபாடு 0.02 எனின், அவருடைய எளிய மாதிரியின்படி தலைமுறைக்கு ஏறத்தாழப் பன்னிரு பறவைகள் இனவிருத்தி செய்ய வந்து சேர்ந்தாற் போதும். பல்லாயிரம் குருவிகளுள் பன்னிரண்டு எம்மட்டு? பெண்குருவிகளுட் பெரும்பாலன அயற்பாட்டை ஒதுக்கினும் புரதம் அதனைக் காட்டாது விடக்கூடும். அன்றியும் பாட்டு ஒரு தலைமுறைக்குள் மாறவல்லது. புரத வீதங்களோ பழைய பிரிவையும் கலப்பையும் நெடுங்காலம் சுமப்பவை. ஆகவே புரதத்தின் மௌனம் குருதி பிரிந்துள்ளது என்னும் கூற்றை வலுவிழக்கச் செய்கின்றதேயன்றி, பெண் பாட்டைப் பொருட்படுத்துவதில்லை என நிறுவவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதனாலேயே வாதம் இத்தனை சூடேறிற்று.

இது குருவிகளோடு முடியும் விடயமன்று. மொழியெல்லையே குருதியெல்லை என்னும் எண்ணம் மனிதரைப் பற்றிய எழுத்துக்களில் விளைத்த கேட்டை அறிந்த நாம், அதே எண்ணம் ஆய்வுகூடத் தட்டிலிருந்து அளவீட்டின் கோலத்தில் மீண்டும் வரும்போது விழிப்பாயிருத்தல் வேண்டும். அதற்காக விரும்பாத சான்றை மறைத்தலும் ஆகாது. புரதத்தினும் நுண்ணிய டி.என்.ஏ. குறிகளைக் கொண்டு 2001இல் வெளியான ஆய்வு, மலைவாழ் வெண்முடிச் சிட்டுக்களில் கிளைமொழிக்கும் குடித்தொகை அமைப்புக்கும் ஓரளவு தொடர்பைக் கண்டது. 2004இல் வெளியான மற்றொன்று, பியூஜெற் சவுண்ட் பகுதிச் சிட்டுக்களில் அத்தகைய தொடர்பைக் காணவில்லை.

கிளைமொழி எல்லைகளில் இரு பாட்டையும் பாடும் ஆண்குருவிகள் உள. மொழியியலார் முதலில் நாடுவது இத்தகைய இருமொழியாளரையே. அவற்றோடு இணையும் பெண் எப்பாட்டின் மண்ணிற் பிறந்தது என்பதைக் கூழ்த்தட்டுச் சொல்லாது. குஞ்சுப் பருவத்திலேயே காலில் வளையமிட்டு, ஆண்டுதோறும் புதரிடைக் காத்திருந்து காணவேண்டியது அது.