எதிர்ப்பற்று இல்லாத முதல்

ரங்கூன் மொகல் தெருவில் கூடி மாதாமாதம் நடப்பு வட்டியைத் தீர்மானித்தது நகரத்தார் சமூகம். கீழச்சிவல்பட்டி மாதிரி அவர்களுடைய ஊர்களில், பணம் எப்படிப் பெருகும் என்று யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளும் இன்று கைபேசியில் பிட்காயின் விலை பார்க்கிறார்கள்.

அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. 1930-ஐ ஒட்டி பர்மாவில் நெல்விலை சரிந்தது. அங்கே கொடுத்த கடன் திரும்பவில்லை, ஈட்டு நிலம்தான் வந்து சேர்ந்தது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம், நூற்றுக்கு 6 என்பதிலிருந்து சில ஆண்டுகளிலேயே 25 ஆனது. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது உயிரோடு ஊர் வந்து சேர்ந்ததே பெரும்பாடு. 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. பத்திரம் பெட்டியில் தங்கியது, சொத்து போய்விட்டது. பிட்காயினின் சாவியான 12 சொற்களை மனப்பாடம் செய்தாலே சொத்தைக் கடல் கடத்திவிடலாம், எந்த அரசும் பறிக்க முடியாது என்றால், இந்தக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஆசை வராதா?

ஆனால் பெரும்பாலோர் அந்தச் சாவியைத் தாங்கள் வைத்துக்கொள்வதில்லை. காசை வாங்கிய நிறுவனத்திடமே விட்டுவைக்கிறார்கள். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையில் சுமார் 2,000 கோடி ரூபாய் திருடுபோனது. களவு போனது வேறு வகைக் காசு. ஆனாலும் எக்ஸ்ஆர்பி என்ற காசை வைத்திருந்த ஒரு முதலீட்டாளரின் கணக்கும் சேர்ந்தே முடங்கியது. அவர் தொடுத்த வழக்கில் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். நல்ல தீர்ப்பு. அரசே வேண்டாம் என்று பிறந்த காசுக்கு அரசின் நீதிமன்றம்தான் காவல் என்பது வேடிக்கை.

திருட்டைவிட எனக்குப் பெரிய ஐயம் வேறு. லேவாதேவியில் முதல் போட்டால் பேரேட்டில் எதிரே ஒரு பற்று நிற்கும்: விதைநெல்லுக்குக் கடன் வாங்கிய குடியானவர், அரிசி ஆலைக்காரர். அவர்கள் உழைப்பிலிருந்து வட்டி வந்தது. அவர்கள் நொடித்தபோது முதலும் மாட்டிக்கொண்டது. பிட்காயினுக்கு எதிரே அப்படி ஒருவரும் இல்லை. அடுத்து வாங்குபவர் கூட்டிக் கொடுத்தால்தான் லாபம். 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போனது, ஓராண்டில் 16,000 பக்கம் இறங்கியது, 2024 டிசம்பரில் லட்சத்தைத் தாண்டியது. இதனால் எந்தக் களத்திலும் ஒரு மூட்டை கூடவுமில்லை, குறையவுமில்லை.

தங்கம் மட்டும் வட்டி தருகிறதா என்பார்கள். தராதுதான். ஆனால் காரைக்குடியில் எந்த அடகுக்கடையிலும் அதன்மேல் கடன் கிடைக்கும். கல்யாணத்தில் கழுத்திரு என்ற தாலியாகவும் ஏறும். மொத்தமே 2.1 கோடி பிட்காயின்தான், அதனால் விலை ஏறியே தீரும் என்ற வாதம் எனக்கு ஒட்டவில்லை. அரிதாயிருப்பதெல்லாம் விலைபோவதில்லை.

வரிக்கணக்கைப் பலர் பார்ப்பதே இல்லை. 2022 பட்ஜெட்டின்படி லாபத்தில் 30 சதவீதம் வரி. ஒரு காசின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒன்றில் லட்சம் லாபம், இன்னொன்றில் லட்சம் நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தொகையில் மிச்சம் சைபர். மேல்வரியும் சேர்த்துக் கட்டவேண்டியது 31,200 ரூபாய்.