மடிவது கருவியா, அவளா?

சுவரோடு மடியும் பெஞ்ச், கட்டிலுக்கடியில் தள்ளும் டம்பெல், கதவில் மாட்டும் ரப்பர் பட்டை. வீட்டுப் பயிற்சிக் கருவி விளம்பரங்கள் ‘இடம் மிச்சம்’ என்கின்றன. யாருக்கு மிச்சம் என்று சொல்வதில்லை.

1780இல் ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயரை வென்ற ஊர் என்று புள்ளலூரை வரலாறு எழுதியிருக்கிறது. குடம் சுமந்த இடுப்பை எந்த வரலாறும் பலம் என்று எழுதவில்லை. 15 லிட்டர் தண்ணீர் 15 கிலோ. ஒலிம்பிக்கில் பெண்கள் தூக்கும் வெறும் கம்பியும் அதே 15 கிலோதான். பளுதூக்கும் மேடை ஆண்களுக்கு 1896இல் திறந்தது, பெண்களுக்கு 2000இல். அந்த ஆண்டே கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வென்றார்.

‘வீட்டுவேலையே உடற்பயிற்சிதானே?’ என்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். பயிற்சியில் எடை படிப்படியாக ஏறும். இரு பக்கமும் சமமாக உழைக்கும். ஓய்வு நாள் உண்டு. குடம் ஒரே இடுப்பில் ஏறும். அதற்கு விடுமுறை இல்லை.

கருவி மடிவதில் தவறில்லை. கார் ஷெட் இல்லாத வீட்டில் பைக் நிற்கும் தாழ்வாரமே போதும். பைக்குக்கும் நெல்மூட்டைக்கும் கேட்காமலே கிடைத்த இடம் அது. அங்கே அரை மணி நேரம் அவள் எடை தூக்கும்போது, காபி கேட்டு யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். எந்த விளம்பரமும் இதைச் சொல்லி விற்பதில்லை.